நன்மை வாங்கப் போகும் முன்: கடலோரக் கத்தோலிக்கப் பங்குகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ராமேஸ்வரம் விசைப்படகுகள் சனிக்கிழமை கடலுக்குப் போனால் ஞாயிறு காலைதான் கரை சேரும். படகு அணையும் நேரமும் காலைப் பூசைக்கு (திருப்பலிக்கு) மணி அடிக்கும் நேரமும் பல நாள் ஒன்றாகிவிடும். அப்படி ஒரு காலையில், மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு அவசரமாக வந்த ஒருவர் கோவில் வாசலில் என்னை நிறுத்தினார். “டீச்சர், ஆறு மணிக்கு ஒரு டீ குடித்துவிட்டேன். இன்றைக்கு நன்மை வாங்கலாமா?” ஆறரைப் பூசை, நன்மை என்கிற நற்கருணை அப்பத்தைக் கொடுக்க ஏழேகால் ஆகிவிடும். வாங்கும் முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருந்தால் போதும், தாராளமாக வாங்கலாம் என்றேன். முகம் தெளிந்து உள்ளே போனார்.

அவர் தம் தம்பியோடு எட்டு மாதமாகப் பேசுவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். படகுப் பங்கு பிரித்ததில் வந்த சண்டை. தம்பியும் அதே பூசையில் இருந்தார். நன்மை நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு வரிசைகளில் போய்த் திரும்பினார்கள். டீயைப் பற்றிக் கேட்டவர் தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் நானும் வாய் திறக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

கத்தோலிக்கக் குடும்பத்துக்கு மருமகளாகவோ மருமகனாகவோ வந்து ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள், வளைகுடா நாடுகளில் பல ஆண்டு இருந்துவிட்டுக் கோவில் வாசலை மறந்தே போய்த் திரும்பியவர்கள், புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நன்மை வாங்குவதற்கு, பிள்ளையைத் தயார் செய்யும்போது தங்களுக்கே பாதி மறந்துவிட்டதென்று உணர்கிற பெற்றோர்கள்: இவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

வாங்குவது எதை?

கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த புளிப்பற்ற அப்பம் அது. கோதுமை விளையாத நம் ஊர்ப் பக்கத்திலும் கோதுமைதான் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பூசையில் குரு அப்பத்தை அர்ச்சிக்கும் வசீகர வார்த்தைகளைச் சொன்னபின் அது அப்பமாக இருப்பதில்லை. தோற்றமும் சுவையும் அப்படியே இருக்க, உள்ளபடியே இயேசு கிறிஸ்துவின் திருவுடலாகிறது. சின்னஞ்சிறு துணுக்கிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். இதை நம்பாமல் மற்ற ஆயத்தங்களைச் செய்வதில் பொருளில்லை. இதை நம்பிவிட்டால் மற்ற ஆயத்தங்களுக்குக் காரணம் கேட்கவே தோன்றாது.

ஓரியூர்த் திருவிழாவிலும் வேளாங்கண்ணியிலும் பிற சமயத்து மக்கள் இதைப் பிரசாதம் என்று எண்ணி வரிசையில் வந்து நிற்பதுண்டு. பக்தியோடுதான் வருகிறார்கள். கூட வந்திருக்கும் நீங்கள் இது பிரசாதமல்ல என்று முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவிட்டால் பீடத்தின் முன்னால் யாருக்கும் சங்கடம் இருக்காது. பூசை முழுவதும் அவர்கள் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கலாம், பாடலாம், செபிக்கலாம்.

யார் வாங்கலாம்?

கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று, நற்கருணையைப் பற்றிக் கற்று, புதுநன்மை வாங்கியவர்கள் வாங்கலாம். பிள்ளைகளுக்குப் புத்தி விவரம் தெரியும் வயது, அதாவது ஏறக்குறைய ஏழு வயது போதும் என்று 1910-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வகுத்தார். பெரியவர்களாகித் திருச்சபையில் சேர்கிறவர்கள் வழக்கமாக, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின பாஸ்குத் திருவிழிப்பு இரவில் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றையும் ஒன்றாகப் பெறுவார்கள். அதுவரை பொறுமை வேண்டும். பிற சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் பொதுவாக நம் பீடத்தில் நன்மை வாங்குவதில்லை. திருமணத்துக்கோ அடக்கத்துக்கோ வந்திருந்தாலும் அதுதான் முறை.

திருமண விஷயம்தான் பலரைத் தயங்க வைப்பது. கத்தோலிக்கர் ஒருவர் ஆயரின் அனுமதியோடு பிற சமயத்தவரைக் கோவிலில் மணந்திருந்தால் அவர் நன்மை வாங்கத் தடையில்லை. பதிவு அலுவலகத்திலோ மண்டபத்திலோ மட்டும் திருமணம் முடித்து, கோவிலில் எதுவும் செய்யாமல் விட்டிருந்தால், முதலில் பங்குத்தந்தையைப் பாருங்கள். பல குடும்பங்களுக்கு அதைச் சரிசெய்வது நினைத்ததைவிட எளிதாக முடிந்திருக்கிறது. மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. அதையும் பக்கத்து வீட்டாரிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள்.

நம் மண்ணில் ரத்தம் சிந்திய புனிதர் அருளானந்தருக்கும் இந்த விஷயத்தில் பங்கு உண்டு. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி குடும்பத்துத் தடியத் தேவர் நோயிலிருந்து குணமாகி ஞானஸ்நானம் கேட்டபோது, முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினால்தான் முடியும் என்று அருளானந்தர் சொன்னார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அந்தக் கோபம்தான் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலையை வெட்டுவதில் போய் முடிந்தது. அங்கே செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிற நாம், திருமணத்தை முதலில் சரிசெய், பிறகு அருளடையாளம் என்று அவர் சொன்னதால் சிந்திய ரத்தம் அது என்பதை மறந்துவிடுகிறோம்.

முந்தைய நாள் மாலை

ஆயத்தத்தின் பெரும்பகுதி இங்கேதான். ஆத்தும சோதனை என்று பெரியவர்கள் சொல்வார்கள். தன்னைச் சோதித்தறிந்த பிறகே இந்த அப்பத்தை உண்ணட்டும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்; தகுதியின்றி உண்பவன் தனக்கே தீர்ப்பை வருவித்துக்கொள்கிறான் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார்.

எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறவர்களைக் கரையில் வலை சரிபார்க்கிறவர்களைப் போய்ப் பார்க்கச் சொல்வேன். குவிந்து கிடக்கும் வலையைத் தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்து, கண் கண்ணாக விரலால் தள்ளிக்கொண்டே வரும்போதுதான் கிழிசல் தட்டுப்படும். ‘நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை’ என்பது தூரத்தில் நின்று பார்க்கிற பார்வை.

கண் கண்ணாகப் பார்க்க நம் ஊருக்குத் தேவையான சில கேள்விகளைச் சொல்கிறேன். கூலியாட்களுக்குப் பங்கு பிரித்தபோது டீசல் கணக்கை ஏற்றிச் சொன்னேனா? எடை போடும்போது கை வைத்தேனா? அடுத்தவர் வலையைத் தெரிந்தே அறுத்துக்கொண்டு போனேனா? சீட்டுப் பணத்தை வாங்கிவிட்டு ஏமாற்றினேனா? குடித்துவிட்டு மனைவியை அடித்தேனா? மருமகள் கொண்டுவந்த நகையைச் சொல்லிக்காட்டி அவளை அழ வைத்தேனா? ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கும் பேச்சை மீன் ஏலம் விடும் இடத்தில் பரப்பினேனா? பெற்றோருக்குச் சோறு போடாமல் விட்டேனா? வேண்டுமென்றே ஞாயிறு பூசையைத் தவிர்த்தேனா?

கடைசிக் கேள்வியில் ஒரு விளக்கம் தேவை. பிழைப்புக்காகக் கடலில் இருந்ததால் பூசைக்கு வர முடியாமல் போனால் அது பாவமில்லை. சனிக்கிழமை மாலைப் பூசையே ஞாயிறுக் கடமைக்குப் போதுமானது. அன்று கடலுக்குப் போகாத வீட்டார் அதற்கு வரலாம். கரையில் இருந்துகொண்டு, உடம்பும் நன்றாக இருக்க, வேண்டாமென்று படுத்திருப்பதுதான் கனமான விஷயம்.

எல்லாப் பாவமும் நன்மையைத் தடுக்காது. விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், கனமானது என்று தெரிந்திருக்க வேண்டும், மனமார விரும்பிச் செய்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். அந்த நிலையில் இருக்கிறோம் என்று மனச்சாட்சி சொன்னால், பாவசங்கீர்த்தனம் செய்யாமல், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல், நன்மை வாங்கக்கூடாது. பிள்ளை மேல் எரிந்து விழுந்தது, செபத்தில் மனம் அலைந்தது போன்ற அற்பப் பாவங்களுக்காக ஒதுங்கி நிற்க வேண்டாம். அவற்றுக்காக மனம் வருந்தி நன்மை வாங்கினால், அந்த நன்மையே அவற்றைக் கழுவுகிறது. சின்னக் குறைக்கெல்லாம் பயந்து மாதக்கணக்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நல்ல பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்த வரிகளை அழுத்தி எழுதுகிறேன்.

பகை இருந்தால்? காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு நல்லுறவு செய்துகொள் என்றார் இயேசு. அவன் கதவைத் திறக்கிறானா என்பது உங்கள் கையில் இல்லை. நீங்கள் போய்க் கதவைத் தட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பாவசங்கீர்த்தனம்

இப்போது ஒப்புரவு அருளடையாளம் என்கிறோம். பல பங்குகளில் பூசைக்கு முன் குரு இருக்கையில் அமர்ந்திருப்பார். இல்லையென்றால் ‘சாமி, பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்’ என்று கேட்டால் போதும். அதற்காகத் தயங்கவே வேண்டாம்.

முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்து, கடைசியாகச் செய்து எவ்வளவு காலமாயிற்று என்று சொல்லுங்கள். இருபது ஆண்டு என்றால் இருபது ஆண்டு என்றே சொல்லுங்கள். கனமான பாவங்களை இன்னது, ஏறக்குறைய இத்தனை முறை என்று சொல்ல வேண்டும். கதை வேண்டாம், மாமியார் என்ன சொன்னார் என்பது அவருடைய பாவசங்கீர்த்தனத்துக்கு உரியது. தெரிந்தே ஒன்றை மறைத்தால் எல்லாமே வீணாகிறது. உண்மையாகவே மறந்துபோனது மன்னிக்கப்பட்டுவிடும். நினைவு வரும்போது அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம். பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் மறந்துவிட்டதா? குருவிடம் சொல்லுங்கள், அவர் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லலாம். சொந்த வார்த்தையில் வருந்தினாலும் போதும்.

சின்ன ஊர்களில் வேறொரு பயம் இருக்கிறது: சாமியாருக்கு என் குரல் தெரியுமே, நாளைக்கு என் முகத்தில் எப்படி விழிப்பார்? கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும், சொல்லாலோ சைகையாலோ அவர் வெளியிட முடியாது. நேரடியாக மீறினால் அந்தக் கணமே அவர் திருச்சபை விலக்கத்துக்கு ஆளாவார். அதை நீக்கும் உரிமை ரோமைக்கு மட்டுமே உண்டு. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் வேறு ஊர்க் குருவிடம் போகலாம், அதில் குற்றம் ஏதுமில்லை. தவக்காலத் தியானத்துக்கு வெளியூரிலிருந்து குருக்கள் வரும் நாள்களில் எங்கள் பக்கத்து வரிசைகள் நீண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடுத்த பெயரை, கெடுத்த இடத்திலேயே போய்ச் சீராக்க வேண்டும். குரு கொடுக்கும் பரிகாரச் செபத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பங்குப் பணத்தைப் பையிலேயே வைத்திருந்தால் வருத்தம் உண்மையானது என்று எப்படிச் சொல்வது?

நாள் தள்ளிப்போட்டவர்களுக்கு ஒரு யோசனை. ஆண்டுக்கு ஒருமுறையாவது, உயிர்ப்புப் பெருவிழாவைத் தொடரும் பாஸ்கா காலத்தில், நன்மை வாங்க வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உயிர்ப்புப் பெருவிழா எந்தத் தேதியில் வந்தாலும் பாஸ்கா காலத்தின் ஒரு பகுதி தடைக்காலத்துக்குள் வந்துவிடும். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் அந்த நாள்களில் ஒரு மாலை நேரம் இதற்கும் ஒதுக்குங்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறுகிறவர்களும் புறப்படும் முன்பே பாவசங்கீர்த்தனத்தை முடித்துக்கொண்டால் அங்கே கூட்டத்தில் தவிக்க வேண்டியிருக்காது.

ஒரு மணி நேர உபவாசம்

என் பாட்டி நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டார். அவர் காலத்துச் சட்டம் அது. 1953-இல் தண்ணீருக்கு அனுமதி வந்தது. 1957-இல் திட உணவுக்கு மூன்று மணி நேரம் என்றானது. 1964 நவம்பரில் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். கணக்கிட வேண்டியது பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நன்மை வாங்கும் நேரத்திலிருந்து. தண்ணீரும் மருந்தும் உபவாசத்தை முறிக்காது. டீ, பால், இளநீர் எல்லாம் உணவுக் கணக்கில்தான் வரும். முதியவர்களும் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தாலும் வாங்கலாம். சர்க்கரை நோயால் தலைசுற்றும் அம்மாவைப் பட்டினி போட்டுக் கோவிலுக்கு அழைத்து வராதீர்கள். வெற்றிலையோ புகையிலையோ வாயில் இருந்தால் மரியாதைக்காக வெகு முன்பே துப்பி வாய் கொப்பளியுங்கள்.

உடை சுத்தமாக, அடக்கமாக இருந்தால் போதும். புதுச்சேலை இல்லையே என்று யாரும் வீட்டில் தங்கிவிட வேண்டாம்.

வரிசையில்

தொடக்கத்திலிருந்தே பூசையில் இருங்கள். நற்செய்தியைக் கேட்காமல் நன்மை நேரத்துக்கு மட்டும் வாசலிலிருந்து உள்ளே வருவது எங்கள் பக்கத்து இளைஞர்களிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அது மனத்தை வருத்துகிறது. ‘நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும்’ என்று எல்லோரும் சேர்ந்து சொல்வது நூற்றுவர் தலைவன் என்ற ரோமைப் படை அதிகாரி இயேசுவிடம் சொன்ன வார்த்தை. அதை உதட்டால் ஓட்டிவிடாமல் நிறுத்திச் சொல்லுங்கள்.

முன்னால் இருப்பவர் வாங்கும்போது தலை வணங்குங்கள். குரு ‘கிறிஸ்துவின் திருவுடல்’ என்றதும் கேட்கும்படியாக ‘ஆமென்’ சொல்லுங்கள். கையில் வாங்கினால், இடக்கையை மேலே விரித்து வலக்கையால் அதைத் தாங்குங்கள்; வலக்கையால் எடுத்து அங்கேயே, குருவின் முன்னாலேயே உண்ணுங்கள். நடந்துகொண்டே வாயில் போடுவதும் இருக்கைக்கு எடுத்துப்போவதும் கூடாது. உள்ளங்கையில் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அதையும் உண்ணுங்கள்.

கடற்பாசி எடுக்கும் அக்கா ஒருவர் ஒருமுறை என்னிடம் ரகசியமாகக் கேட்டார். பாறையில் விரல் கிழியாமலிருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்குகிறவர் அவர். அப்படியும் விரல் நுனியெல்லாம் வெடிப்பு, உப்பு ஊறி வெளுத்த தோல். “இந்தக் கையை எப்படி நீட்டுவது டீச்சர்?” நாக்கில் வாங்குவதற்கு எப்போதும் உரிமை உண்டு, யாரும் மறுக்க முடியாது என்று சொன்னேன். அந்தக் கையிலேயே வாங்கினாலும் குறைவில்லை என்றும் சொன்னேன். இரண்டு வாரம் நாக்கில் வாங்கினார். மூன்றாவது வாரம் கையை நீட்டினார்.

ஒரே நாளில் இரண்டாவது முறை வாங்கலாமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. ஞாயிறு காலைப் பூசையில் வாங்கியவர் அன்று மாலை அடக்கப் பூசையில் மறுபடி வாங்கலாம். அந்தப் பூசையில் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பூசை முடிந்ததும் ஐந்து நிமிடமாவது கூடுதலாக உட்காருங்கள்.

எழாமல் இருப்பவர்கள்

வரிசை நகரும்போது எல்லோரும் எழுந்து போக, ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஊர்க் கண் அவர் மேல் விழுகிறது. அந்தக் கண்ணுக்குப் பயந்தே, வாங்கக்கூடாத நிலையில் பலர் எழுந்து போகிறார்கள். அன்று அந்த அண்ணனும் தம்பியும் எழுந்ததற்கு அதுதான் காரணமாக இருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன். உட்கார்ந்திருப்பவர் காலையில் மறந்து சாப்பிட்டிருக்கலாம், காலையிலேயே ஒரு பூசை கண்டு வாங்கியிருக்கலாம், ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் கேட்காதீர்கள். ‘ஏன் நன்மைக்குப் போகவில்லை?’ என்ற கேள்வியைப் பிள்ளைகளிடம்கூடப் பிறர் முன்னிலையில் கேட்காதீர்கள். கால்களை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு உட்கார்ந்தே இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த நேரத்தில் ஆவிக்குரிய நன்மை வாங்கலாம்: ஆண்டவரே, இப்போது உம்மை வாங்க முடியாத நான் உம்மை விரும்புகிறேன், என் உள்ளத்துக்கு வாரும் என்று கேட்பதுதான் அது. ஞாயிறு காலையில் நடுக்கடலில் இருக்கிறவரும் இதைச் செய்யலாம்.

வீட்டுக்கு நற்கருணை வரும்போது

படுக்கையில் இருப்பவர்களுக்குப் பல பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நன்மை கொண்டுபோவார்கள். பெயரைக் கோவிலில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் அதையும் சொல்லிவிட்டால், குரு வந்ததும் வீட்டார் சற்று வெளியே நிற்க வசதியாக இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவத்தி. விழுங்கச் சிரமப்படுகிறவர் என்றால் குருவிடம் சொல்லுங்கள், சிறு துணுக்காகக் கொடுப்பார். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கட்டும். கடற்காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள், மெழுகுவத்தி நிற்காது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வாசலில் ஒருவர் நின்று குருவை உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.